கொடுமைக்குத் தப்பிய தாயும் அவள் பிள்ளைகளும்

மெய்விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தைப் பற்றியும், தம்பதிகள் ஒருவருக்கொருவர் செய்யவேண்டிய கடமைகளைப் பற்றியும் கோவிலில் அடிக்கடி பிரசங்கம் கேட்கிறோம். வீடு வீடாயிராமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது. இனிமையான பாடமல்ல. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர்களும், ஆணைப் பெற்றவர்களும், அண்டை வீட்டில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய பாடம்.

ஆரோக்கியம் என்று ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் நாம் வைத்தது; ஆனால் அவளைப் போன்றவள் இல்லாத பங்கு ஏது? புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான். எட்டு வருஷமாக அடிக்கிறான். சொந்தக்காரருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். ஒருநாள் இரவு, உயிருக்குப் பயந்து, இடுப்பிலிருந்த சின்னவனோடு தப்பிக் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தாய்வீடு வந்து சேருகிறாள். ஏழு வயது மகள் மாமியாரின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பப்போனால் அவன் விழித்துக்கொள்வான். விடிந்ததும் அவன் ஊரெல்லாம் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஓடிப்போனவள்."

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அநேக தாய்மார் அடியைத் தின்றுகொண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். அடிக்கிறவனுக்கும் இது தெரியும். "போகிறாயா, போ. பிள்ளையை விட்டுவிட்டுப் போ" என்று அவன் சொல்லும்போது, கையில் இருக்கும் கம்பைவிடப் பலமான கம்பை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். 2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 வயது முதல் 49 வயது வரையுள்ள கலியாணமான பெண்களில் 100-க்கு 38 பேர், புருஷனால் அடி உதையோ வேறு பலவந்தமோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். இவர்களில் எத்தனை பேர் பிள்ளையை நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

பிள்ளை தகப்பனுடைய சொத்து என்ற எண்ணம் பழைய எண்ணம். அது நம் நாட்டில் மட்டும் இருந்ததல்ல. இங்கிலாந்தில் கரோலின் நார்ட்டன் என்ற பெயர்பெற்ற எழுத்தாளி இருந்தாள். 1827-ல் கலியாணம், புருஷன் வக்கீல், பார்லிமெண்டு அங்கத்தினன். படித்த வீடுதான், ஆனால் அடி விழுந்த வீடு. 1836-ல் அவளுடைய மூன்று ஆண்பிள்ளைகளையும் அவன் பறித்துக்கொண்டு போனான். அதே வருஷம், அப்போதைய பிரதம மந்திரி மெல்போர்ன் பிரபுவோடு அவளுக்குத் தகாத உறவு என்று வழக்கும் போட்டான். ஜூரிகள் கலந்தாலோசிக்க வெளியே போகாமல், இருந்த இடத்திலேயே அது பொய் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவள் மானம் பிழைத்தது, பிள்ளைகள் வரவில்லை. ஏனென்றால், முறையான கலியாணத்தில் பிறந்த பிள்ளை முழுவதும் தகப்பனுக்கே என்பது அந்நாளைய இங்கிலீஷ் சட்டம்.

அவள் சும்மா இருக்கவில்லை. சிறு புத்தகங்கள் எழுதினாள், பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு எழுதினாள். டால்ஃபோர்டு என்ற வக்கீல் மசோதா கொண்டுவந்தார். 1839-ல் சட்டம் பிறந்தது. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும், பெரிய பிள்ளைகளைப் போய்ப் பார்க்கவும் தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் அவளுக்கே அது உதவவில்லை. அந்தச் சட்டம் எட்டாத ஸ்காட்லாந்துக்குப் புருஷன் பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டான். 1842-ல் கடைசி மகன் குதிரையிலிருந்து விழுந்து காயம்பட்டான். தாய்க்குச் சொல்லியனுப்பினார்கள், அவள் போய்ச் சேருமுன் பிள்ளை இறந்துவிட்டது. மற்ற தாய்மார்களுக்காகத் தான் பெற்றுக்கொடுத்த சட்டம் தன் பிள்ளையின் படுக்கையருகே தன்னைக் கொண்டுபோய் விடவில்லையே என்று அவள் என்ன பாடு பட்டிருப்பாள்!

அந்தச் சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. நடத்தை கெட்டவள் என்று கோர்ட்டில் ரூபிக்கப்பட்டால் அந்தத் தாய் கேட்கவே முடியாது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முதலில் அவள் நடத்தையைக் குறை சொல் என்ற வழக்கம் அன்று தொடங்கியதா, அதற்கும் முந்தியதா என்று நமக்குத் தெரியாது. இன்றும் ஒழியவில்லை என்பது தெரியும்.

இங்கிலீஷ் துரைத்தனத்தார் நம் நாட்டுக்கும் சட்டங்கள் செய்தார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று 1869-ல் விவாகரத்துச் சட்டம் வந்தது. அதன்படி புருஷன் தன் மனைவி தவறினாள் என்று மட்டும் காட்டினால் போதும். மனைவியோ, அவன் தவறினான் என்பதோடு கொடுமையும் செய்தான், அல்லது கைவிட்டுப் போனான் என்றும் சேர்த்துக் காட்டவேண்டும். வெறும் அடி மாத்திரம் போதாது! 1995-ல் கேரள ஹைகோர்ட்டு இந்த ஏற்றத்தாழ்வு செல்லாது என்றது. 2001-ல் பார்லிமெண்டு சட்டத்தையே திருத்தியது. இப்போது கொடுமை ஒன்றே போதுமான காரணம். கட்டு அறாமல் பிரிந்து மட்டும் வாழ்வதற்கான தீர்ப்பும் உண்டு. கொடுமையைக் காட்டி அதைக் கேட்கும் உரிமை பழைய சட்டத்திலேயே இருந்தது. இரண்டு வழக்கிலும் பிள்ளைகள் யாரிடம் இருப்பது, யார் செலவுக்குக் கொடுப்பது என்று கோர்ட்டு உத்தரவிடலாம்.

1890-ல் வந்தது கார்டியன் சட்டம். தகப்பன் உயிரோடிருந்து, தகுதியற்றவன் என்று கோர்ட்டு கருதாதவரையில், வேறொருவரைக் கார்டியனாக நியமிக்கலாகாது என்று அதில் ஒரு விதி. "தகப்பன்" என்ற இடத்தில் "அல்லது தாய்" என்ற வார்த்தையைச் சேர்க்க 2010-ம் வருஷம் வரைக்கும் ஆயிற்று. 120 வருஷம்!

ஆனால் நியாயாதிபதிகள் அதற்கு முன்பே வேறு வழி கண்டிருந்தார்கள். சென்னையில் ஒரு கிறிஸ்தவ தம்பதியின் வழக்கு 1962-ல் தொடங்கியது. மனைவி பிரிந்துவாழத் தீர்ப்புக் கேட்டுப் பெற்றாள். பிள்ளைகள் மூவர். மூத்தவன் தகப்பனிடம், மற்ற இருவரும் தாயிடம் என்று சென்னை ஹைகோர்ட்டு சொன்னது. அதோடு முடியவில்லை. தகப்பன் மனுமேல் மனுப் போட்டார். வழக்கு மேலும் கீழும் ஏறி இறங்கிக் கடைசியில் 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு தாயின் பக்கம் தீர்த்தது. பிள்ளைகள் தாய் தகப்பனுடைய தட்டுமுட்டுச் சாமானும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்பது அத்தீர்ப்பின் கருத்து. தகப்பனிடம் குணக்கேடு இல்லை, பிள்ளைமேல் பாசம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. தாயிடம் இருப்பதைப் போலவாவது, அதைவிட மேலாகவாவது அவனிடம் பிள்ளை நலமாயிருக்கும் என்று தெரியவேண்டும் என்றார்கள். இன்றைக்கும் கோர்ட்டுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. கிறிஸ்தவக் குடும்பத்து வழக்கு இந்த நாட்டுக்கெல்லாம் வழிகாட்டிற்று என்று நாம் பெருமைப்பட முடியாது; அந்தப் பிள்ளைகளின் பால்ய வயது அதில் போயிற்று.

இனி, நம்மவர் மனதை உறுத்தும் சில கேள்விகள்.

வினா: அடிக்கிற புருஷனை விட்டுப் பிரிந்துபோவது பாவமா?

விடை: அல்ல. 1917-ல் வந்த பழைய திருச்சபைச் சட்டமும், 1983-ல் வந்த இப்போதைய சட்டமும் இதில் ஒரே மாதிரி. புருஷனாவது மனைவியாவது, துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலாவது ஆத்துமத்திலாவது கடும் ஆபத்து விளைவித்தால், பிரிந்துபோக அதுவே நியாயமான காரணம். மேற்றிராணியாரின் உத்தரவு பெற்றுப் பிரியவேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றிருந்தால் தானாகவே பிரிந்துபோகலாம். இப்போதைய சட்டத்தில் இது 1153-ம் விதி. அடுத்த விதியே பிள்ளைகளைப் பற்றியது: தம்பதிகள் பிரிந்தாலும், பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் வளர்ப்புக்கும் தக்க ஏற்பாடு செய்தாகவேண்டும். பழைய சட்டத்தில் இன்னும் தெளிவு. குற்றமில்லாதவரிடம் பிள்ளைகள் வளரவேண்டும் என்பதே பொது முறை என்றிருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட மடலில், பலவீனமான துணையையும் சிறு பிள்ளைகளையும் காக்கப் பிரிவது சில சமயம் நன்னெறியின்படியே அவசியமாகிவிடும் என்று போதித்தார்.

வினா: சர்க்கார் கோர்ட்டில் விவாகரத்துக் கேட்டால்?

விடை: கோர்ட்டு கொடுக்கும் தீர்ப்பு தேவதிரவிய அனுமானத்தின் கட்டை அறுக்காது. ஆனால் பிள்ளைகளைக் காப்பாற்றவோ சட்டப்படியான உரிமைகளைப் பெறவோ அது ஒன்றே வழி என்றிருந்தால், அதைக் கேட்பது குற்றமல்ல என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் ஞானோபதேச நூல் சொல்லுகிறது. பிரிந்திருக்கிறாள் என்ற ஒரே காரணத்தினால் ஒருத்தி பாவசங்கீர்த்தனத்துக்கும் நன்மை வாங்குவதற்கும் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருக்கிறது என்று சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. அவர்கள் சொல்வது தவறு.

இப்போது ஆரோக்கியத்திடம் திரும்புவோம். அவள் என்ன செய்யவேண்டும்?

முதலாவது, நாளைக் கடத்தக்கூடாது. "கோபம் தணியட்டும், ஆறு மாதம் பொறு, பெரியவர்கள் பேசுவோம்" என்று சொந்தக்காரர் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில் மகள் தகப்பன் வீட்டிலேயே பழகி, அங்கேயே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். பழகின இடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி எடுக்கக் கோர்ட்டு தயங்கும். தாய்க்கு எதிராகத் தயங்குகிறார்கள் என்று நினைக்கவேண்டாம், பிள்ளைக்காகத் தயங்குகிறார்கள். ஆனால் பலன் ஒன்றுதான்.

எந்த ஊர்க் கோர்ட்டு என்பதும் முக்கியம். கார்டியன் சட்டப்படி பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டில்தான் கேட்கவேண்டும். தகப்பன் ஊரில் பிள்ளை இருந்தால், அடித்தவனுடைய ஊருக்கே போய் வாய்தாவுக்கு நிற்கவேண்டியதாகும். இதற்கு மாற்று வழி 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அமுலில் இருக்கிறது. அதன்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனுக் கொடுக்கலாம். அடி மட்டுமல்ல, தகாத பேச்சு, மிரட்டல், செலவுக்குக் கொடாமல் வாட்டுவது எல்லாம் அந்தச் சட்டத்தில் வன்முறையே. மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைப்பதும், 60 நாளுக்குள் முடிக்கப் பார்ப்பதும் மாஜிஸ்திரேட்டின் கடமை என்று எழுதியிருக்கிறது. (எழுதியபடி நடக்கிறதா என்று வக்கீல்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆயினும் அவசர உத்தரவு கேட்க இடமுண்டு.)

அந்தச் சட்டத்தின் 21-ம் பிரிவைத் தாய்மார் நினைவில் வைக்கவேண்டும். பாதுகாப்பு உத்தரவோ வேறு பரிகாரமோ கேட்கும் மனுவோடு சேர்த்து, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம். தகப்பன் வந்து பார்ப்பதற்கு மாஜிஸ்திரேட்டு ஏற்பாடு செய்யலாம். வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்கு என்று கண்டால் மறுத்துவிடவேண்டும். இது தற்காலிகம் என்பதை மறக்கலாகாது. முடிவான தீர்ப்புக் குடும்பநலக் கோர்ட்டிலோ ஜில்லாக் கோர்ட்டிலோதான்.

பணமில்லையே என்பாள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஜில்லாக் கோர்ட்டில் சட்டப்பணி ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்கவேண்டும், டெலிபோன் 15100. அவசரத்துக்குப் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. ஒவ்வொரு ஜில்லாவிலும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உண்டு; நடந்ததையெல்லாம் கேட்டு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை.

அத்தாட்சி என்ற விஷயத்தில்தான் நம் பெண்கள் தோற்றுப்போகிறார்கள். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் அப்படியே எழுதுவார். மூன்று வருஷம் கழித்துக் கோர்ட்டில் அந்தச் சீட்டுப் புருஷனுக்குச் சாட்சியாக வந்து நிற்கும். உண்மையைச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தால் ரசீதை வாங்காமல் வரவேண்டாம். பிள்ளையின் பிறப்புச் சான்று, ஞானஸ்நானச் சீட்டு, ஆதார் அட்டை, பள்ளிக்கூடத்து மார்க்குச் சீட்டு, தடுப்பூசிச் சீட்டு இவைகளின் நகலாவது தாய்வீட்டில் இருக்கட்டும். ஞானஸ்நானச் சீட்டைக் கோவில் ரிஜிஸ்தரிலிருந்து மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம்.

எதிர்த்தரப்பில் என்ன சொல்வார்கள்? மூன்று பாட்டுத்தான். நடத்தை சரியில்லை, புத்தி சரியில்லை, சம்பாத்தியம் இல்லை. முதலாவதற்குப் பொய்ச்சாட்சி தேடுவார்கள். இரண்டாவதற்கு, அடியினால் தூக்கம் கெட்டு அவள் சாப்பிட்ட மாத்திரைச் சீட்டையே காட்டுவார்கள். மூன்றாவது உண்மையாக இருக்கலாம். ஆனால் தாய்க்குச் சம்பாத்தியம் இல்லை என்றால், பிள்ளையின் செலவுக்குத் தகப்பன் கொடுக்கவேண்டும் என்பதே சட்டம். ஏழை என்பதற்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பறிப்பதில்லை. இந்நாட்களில் நாலாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "பிள்ளை மனதைத் தாய் கெடுத்துவிட்டாள், அதனால்தான் என்னைக் கண்டால் பயப்படுகிறது." சில வீடுகளில் இது மெய்யாகவும் இருக்கும். ஆனால் தாயின் முகத்தில் இரத்தம் வழிவதைப் பார்த்த பிள்ளைக்குப் பயப்பட யார் கற்றுக்கொடுக்கவேண்டும்?

பிள்ளைக்கு விவரம் தெரியும் வயதானால், அதன் விருப்பத்தையும் நியாயாதிபதி கேட்பார். தம் அறையில் தனியே கூப்பிட்டுக் கேட்பதும் உண்டு. இதற்காகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது பெரிய பிசகு. நியாயாதிபதிகள் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டவர்கள். மனப்பாடம் பண்ணின பேச்சு அவர்களுக்குத் தெரிந்துவிடும். மேலும் பிள்ளை இருவரையும் நேசிக்கிறது. அடிக்கிற தகப்பன் மடியில் ஏறி உட்காரும் பிள்ளையை நாம் பார்த்ததில்லையா? அது தாய்க்குத் துரோகமல்ல. பிள்ளையைப் பணயப் பொருளாகப் பிடித்துவைக்கவேண்டாம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் அதே மடலில் மன்றாடியது தாய்மாருக்கும் சேர்த்துத்தான்.

அசல் தேசத்தில் குடித்தனம் செய்யும் மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுமை தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறோம். அநேக தேசங்களில் அது பிள்ளையைக் கடத்திய குற்றம். இதற்கென்று 1980-ல் ஹேக் நகரில் தேசங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்தியா அதில் சேரவில்லை. ஆயினும் அந்த நாட்டுக் கோர்ட்டு உத்தரவை இங்குள்ள கோர்ட்டுகள் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை. ஆகையால் அங்கேயே முதலில் போலீசையும் வக்கீலையும் பார்த்துவிட்டுப் புறப்படுவதே புத்தி.

கடைசியாக, பங்கிலுள்ள மற்றவர்களுக்கு. ஒருத்தி கண்ணீரோடு வந்து சொன்னால், அவளையும் அவனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துச் சமாதானம் பேசவேண்டாம். அவனெதிரே அவள் உண்மை பேசமாட்டாள். பேசினால் வீட்டுக்குப் போனபிறகு அதற்கும் அடி விழும். தனித்தனியே கேளுங்கள். நீங்கள் சுவருக்கு அப்பால் கேட்ட அலறலைத் தேதியோடு குறித்துவையுங்கள். "அடுத்த வீட்டு விவகாரம் நமக்கெதற்கு" என்று சாட்சிக் கூண்டுக்கு வர மறுப்பதால் எத்தனையோ நியாயம் கெட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் ஞானோபதேச வகுப்பிலும் இருப்பவர்கள், கோர்ட்டு உத்தரவு ஒன்று இருக்கிறதா என்று தாயிடம் கேட்டு நகல் வாங்கிவைத்துக்கொண்டு, அதில் கண்டவர் கையில் மட்டும் பிள்ளையை ஒப்படைக்கவேண்டும். தகப்பன்தானே என்று வாசலில் அனுப்பிவிட்டால், பிறகு ஆட்கொணர்வு மனுப் போட்டு ஹைகோர்ட்டு வரையில் ஓடவேண்டியதாகும்.

பிள்ளையைத் தகப்பன் பார்க்கும் நாள் வந்தால், ஒப்படைக்கும் நேரமே சண்டைக்கு நேரம். தாயின் வாசலிலும் வேண்டாம், தகப்பன் வாசலிலும் வேண்டாம். நடுவே ஒரு மூன்றாம் ஆள் பிள்ளையை வாங்கிக் கொடுக்கும்படி கோர்ட்டைக் கேட்கலாம். இருதரப்பாருக்கும் வேண்டியவர்களாகப் பிள்ளையின் ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் பெயரைச் சொல்லச் சம்மதித்தால், அதைத் தாய் தன் மனுவிலேயே எழுதிக் கொடுக்கலாம்.